செட்டிநாட்டுப் பழைய இரும்பைப் படமெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுக்குக் கேமராவோடு வருகிறவர்கள் எடுத்துப் போகும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை, வரிசையாக நிற்கும் பர்மா தேக்குத் தூண், கலர் கண்ணாடி வழியாக விழும் வெயில். எல்லாம் அழகுதான். ஆனால் மாடி வராந்தாவைத் தாங்கி நிற்கும் மெல்லிய இரும்புத் தூணையும், முற்றத்தின் மேல் விரித்திருக்கும் கம்பி வலையையும், தலைக்கு மேல் ஓடும் உருக்கு உத்திரத்தையும் நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. வீட்டை இடிக்கும்போது தேக்குக்கு நல்ல விலை கிடைக்கிறது, தூணுக்கும் கதவுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஆள் இருக்கிறது. உடைந்த இரும்பு மட்டும் எடைக்குப் போகிறது. அதனால் அதன் படம் யாரிடமாவது இருப்பது முக்கியம்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் என் அளவுகோல் ஒன்றுதான்: பூவேலையை விட இணைப்பை எடுங்கள். இரும்பு எங்கே மரத்தைச் சந்திக்கிறது, எங்கே சுவருக்குள் போகிறது, எதைச் சுமக்கிறது என்று படம் சொல்ல வேண்டும். பூவேலை தானாகவே படத்துக்குள் வந்துவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் இரும்பு உருக்கும் ஆலை எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் அந்தப் பெருமை பரங்கிப்பேட்டைக்கு உண்டு. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் அங்கே ஊதுலை வைத்து இரும்பு உருக்கினார். அந்த முயற்சி அதே நூற்றாண்டில் மூடிப்போனது. செட்டிநாட்டு வீடுகள் எழுந்தது பெரும்பாலும் 1850-களிலிருந்து 1940-கள் வரை. அந்த இரும்பில் பெரும்பங்கு இங்கிலாந்தில் வார்த்து, கப்பலேறி வந்தது. வட்டித் தொழிலுக்காக பர்மா, இலங்கை, மலேயா என்று போன நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) சம்பாத்தியம்தான் அதற்கான காசு. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தபின் அந்த வரவு நின்றது, இந்த அளவு பெரிய வீடு கட்டுவதும் நின்றது. ஆகவே இங்கே நீங்கள் தேட வேண்டியது வீட்டுக்குள் இருக்கும் இரும்பு, அதோடு ஊருக்கு வெளியே இருக்கும் ரைஸ் மில், கொல்லுப்பட்டறை, ரயில் நிலையம்.

முதலில்: எந்த இரும்பு என்று கண்டுபிடியுங்கள்

கேமராவை எடுப்பதற்கு முன் இது தெரிந்தால்தான் எங்கே ஃபோகஸ் வைப்பது என்று தெரியும்.

வார்ப்பிரும்பு அச்சில் ஊற்றி எடுத்தது. ஒரே பூ, ஒரே இலை, எல்லாத் தூணிலும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய தையல் கோடு ஓடும். பெயிண்ட் எத்தனை தடவை அடித்திருந்தாலும் விரல் வைத்தால் தட்டுப்படும். மாடிக் கைப்பிடிச் சுவரின் பூவேலைப் பலகைகள், தூணின் தலைப்பகுதி, மழைத்தண்ணீர்க் குழாய் இவையெல்லாம் வழக்கமாக வார்ப்புதான்.

தேனிரும்பு அடித்து வளைத்தது. ஜன்னல் கம்பி, கேட்டுகளின் சுருள் வேலை இந்த வகை. இரண்டு சுருள் தொடும் இடத்தில் ஒரு பட்டையை வளைத்துப் பூட்டியிருப்பார்கள், அல்லது ரிவெட் அடித்திருப்பார்கள். துருப்பிடித்தால் மரம் நார் நாராகப் பிளப்பதுபோலப் பிளக்கும். அந்தப் பிளவை விட்டுவிடாதீர்கள், அருமையான குளோசப் அது.

மூன்றாவது, ஆலையில் உருட்டி எடுத்த உருக்கு உத்திரம். மேலும் கீழும் அகன்று நடுவில் ஒல்லியாக இருக்கும். இதன் நடுப்பட்டையில்தான் தயாரித்த ஆலையின் பெயர் புடைத்து நிற்கும். இந்தியா முழுக்க அந்தக் காலத்துக் கட்டடங்களில் அடிக்கடி காணக்கூடிய பெயர்களில் ஒன்று இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ ஊரிலிருந்த டார்மன் லாங் ஆலை. ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை 1912-இல் உருக்கு வார்க்கத் தொடங்கியபின் உள்நாட்டு உத்திரங்களும் சந்தைக்கு வந்தன. ஆகவே ஒரு முத்திரை கிடைத்தால் வீட்டின் வயதுக்கே ஒரு பிடி கிடைத்த மாதிரி.

வயதைக் காட்டும் சின்ன அடையாளங்கள் வேறும் உண்டு. சதுர நட்டும் ஒற்றைக் கீறல் ஸ்க்ரூவும் பழைய வேலையைச் சொல்லும். கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ தெரிந்தால் பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வெல்டிங் தழும்பும் அப்படித்தான். ரிவெட்டுக்குப் பக்கத்திலேயே வெல்டிங் இருந்தால் இரண்டும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். ஒரு வீட்டின் பழுது பார்த்த வரலாறு அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

பையில் ஒரு சின்னக் காந்தம் போட்டுக்கொள்ளுங்கள். பச்சையும் நீலமுமாக எனாமல் பெயிண்ட் அடித்த தூண் மரமா, கல்லா, இரும்பா என்று கண்ணால் சொல்வது இங்கே கஷ்டம். காந்தத்தைத் துணியில் சுற்றி மெதுவாக வைத்துப் பாருங்கள். பெயிண்டில் கீறல் விழக் கூடாது.

அனுமதி: இதில்தான் பாதி வேலை

பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் ஆளில்லாத வீடு என்று அர்த்தமில்லை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்), திருவிழா என்றால் எல்லோரும் வந்து கூடுவார்கள். மற்ற நாளில் சாவி காவலுக்கு இருப்பவரிடம். அவர் சரி என்றாலும், உள்ளே எடுக்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவரிடம் போனில் கேட்டுவிடுவது நல்லது. பின்னால் படத்தை வெளியிடும்போது தொந்தரவு வராது.

கேட்கும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. “வீட்டைப் படம் எடுக்கணும்” என்றால் கல்யாண ஷூட்டிங்கோ சினிமாவோ என்று பயப்படுவார்கள், வாடகையும் கேட்பார்கள். “அண்ணே, மாடியில இருக்கிற அந்தக் கம்பி வேலையை மட்டும் எடுத்துக்கிறேன், சாமான் எதையும் எடுக்க மாட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். உள்ளே ஆச்சி யாராவது இருந்தால் அவர்களிடம் நேராகப் போய்ச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பூஜை அறை, சமையல்கட்டு, திறந்திருக்கும் இரும்புப் பெட்டி, இந்த மூன்றின் பக்கமும் கேமரா திரும்பவே கூடாது.

ஆத்தங்குடியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கவிடும் பெரிய வீடு இருக்கிறது. கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும் பழைய வீடுகள் ஹோட்டலாகியிருக்கின்றன. அங்கே ஒரு ராத்திரி தங்கினால், காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் ட்ரைபாட் வைத்து நிதானமாக எடுக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். செலவு இருக்கிறது, ஆனால் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வெயில் கணக்கு

செட்டிநாட்டு வீடுகள் நீளமானவை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடும். கிழக்குப் பார்த்த முகப்பென்றால் சூரியன் உதித்து ஒன்றிரண்டு மணி நேரம், மேற்குப் பார்த்ததென்றால் மாலை நாலரைக்கு மேல். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தெரியாதது பக்கச் சுவர் விஷயம். காரைக்குடி சுமார் 10 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. அதனால் டிசம்பரில் நாள் முழுக்க நிழலில் கிடக்கும் வடக்குப் பக்கத்து ஜன்னல் கம்பிகள் ஜூனில் வெயில் வாங்கும். கம்பியின் நிழல் சுவரில் விழும் படம் வேண்டுமென்றால் எந்த மாதம் வர வேண்டும் என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

இன்னும் சுவாரஸ்யமானது முற்றம். ஏப்ரல் 16-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 27-ஐ ஒட்டியும் சில நாட்கள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12-க்கு வராது, ஏறக்குறைய 12.15-க்கு வரும். நம் கடிகாரம் இன்னும் கிழக்கே இருக்கும் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது, அதுதான் காரணம். அந்த நேரத்தில் வளவின் (நடு முற்றமும் சுற்றியுள்ள தாழ்வாரமும் சேர்ந்த பகுதி) நடுவில் நின்றால், மேலே இருக்கும் கம்பி வலையின் நிழல் கோணாமல் சாயாமல் அப்படியே தரையில் விழும். மேகம் இல்லாமல் இருக்க வேண்டும், வீட்டில் அனுமதி இருக்க வேண்டும், அந்தச் சில நாட்களில் நீங்கள் இங்கே இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைவது லேசில்லை, அமைந்தால் விடாதீர்கள்.

மேகமூட்டத்தைக் கண்டு ஊருக்குத் திரும்பிவிடாதீர்கள். பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் என்ற ஜெர்மானியத் தம்பதி 1959-இலிருந்து பல பத்தாண்டுகள் ஊதுலை, தண்ணீர்த் தொட்டி, சுரங்கக் கோபுரம் என்று தொழிற்சாலைக் கட்டுமானங்களை எடுத்தார்கள். நிழல் விழாத சாம்பல் வானத்துக்காகக் காத்திருந்து, நேருக்கு நேர் நின்று, ஒரே வகைப் பொருளை ஒரே மாதிரி எடுத்து, கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டினார்கள். அப்படி அடுக்கும்போதுதான் ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் கண்ணில் படும். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் செட்டிநாட்டு வானம் அதற்குத் தோதாக இருக்கும். பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று ஊர் ஊராகப் போய் இரும்புக் கேட்டுகளை மட்டும் ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். வெயிலில் எடுத்தால் அந்த வரிசை சேராது.

கருவி

பெரிய பட்டியல் வேண்டாம். 24-70 மி.மீ. லென்ஸ் ஒன்று, குளோசப்புக்கு 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ, ட்ரைபாட், சின்ன டார்ச் லைட், ஒரு ஸ்கேல். ட்ரைபாட் காலுக்கு ரப்பர் உறை கட்டாயம். கூரான கால் டைல்ஸ் தரையில் கீறிவிட்டால் அதே டைல்ஸ் திரும்பக் கிடைக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதை மனதில் வைத்து, மதிய வெயிலில் திறந்த முற்றத்துக்குச் சாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

போனிலேயே எடுக்கிறவர்கள் திரையில் கட்டக் கோடுகளை ஆன் செய்துகொள்ளுங்கள், அல்ட்ராவைட் லென்ஸை மறந்துவிடுங்கள். தூண்கள் ஓரத்தில் சாய்ந்து விழுவதுபோல் வருவது அதனால்தான்.

வெளியிலிருந்து எடுப்பது

கட்டடப் படத்தில் முதல் விதி கேமரா நிமிரவும் கூடாது, குனியவும் கூடாது. நிமிர்த்தினால் நேர்க்கோடெல்லாம் மேலே போய்க் கூடும். உயரம் படத்துக்குள் அடங்கவில்லையா, பின்னால் போங்கள். பின்னால் இடமில்லையா, எதிர்வீட்டு மாடியில் நின்று எடுக்கக் கேட்டுப் பாருங்கள். பாதி உயரத்தில் நின்று எடுக்கும் முகப்புதான் உள்ளபடி வரும். அதற்கும் வழியில்லை என்றால் கேமராவைச் சாய்க்காமல் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, பக்கவாட்டில் அடுத்தடுத்துச் சில படங்கள் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப் 8-இலிருந்து எஃப் 11-க்குள். சில்வர் பெயிண்ட் அடித்த கேட்டானால் ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தைப் பாதியாக) குறைத்து எடுங்கள், இல்லையென்றால் வெளுத்துவிடும். எனாமல் பளபளப்புக்கு போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) உதவும். வெறும் இரும்புக்கு அது பெரிதாக உதவாது, கழற்றிவிடுங்கள்.

கேட்டின் நடுவில் எழுத்துகள் இருக்கும். பலரும் பெயரின் முதலெழுத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் குடும்பத்தின் தொழில் விலாசம். பாட்டன், முப்பாட்டன் பெயரெழுத்துகளை வரிசையாகச் சேர்த்து வட்டிக்கடைக்கு வைத்தது. எடுக்கும்போது எழுத்தை மட்டும் வெட்டி எடுக்காமல், அதைக் கேட்டோடு பிணைத்திருக்கும் விதமும் தெரிய எடுங்கள். வாங்கிய கேட்டில் உள்ளூர் ஆசாரி எழுத்தைப் பின்னால் சேர்த்தாரா, அல்லது எழுத்தோடேயே செய்து வந்ததா என்பது அந்தப் பிணைப்பில் தெரியும்.

வளவுக்குள்

இங்கேதான் நிறையப் பேருக்குப் படம் கெடுகிறது. முற்றத்தில் கொளுத்தும் வெயில், சுற்றியுள்ள தாழ்வாரத்தில் இருட்டு. ஒரே கிளிக்கில் இரண்டையும் பிடிக்க முடியாது. ட்ரைபாடில் வைத்து இரண்டிரண்டு ஸ்டாப் இடைவெளியில் ஐந்து படம் எடுத்து, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது நிழலை நிழலாகவே விட்டுவிடுங்கள். எல்லா மூலையையும் வெளிச்சமாக்கினால் துரு ஆரஞ்சுப் பழ நிறத்துக்குப் போய்விடும், வீடு விளம்பரப் படம் மாதிரி ஆகிவிடும். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள், வெயில் முற்றத்தில் இறங்குவதற்கு முன் எடுத்தால் இந்தச் சிக்கலே வராது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

கலர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாதீர்கள். ஒரு சாம்பல் அட்டையை அந்த வெளிச்சத்திலேயே பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு சரிசெய்யலாம். ஃபைலை ரா (RAW, கேமரா சுருக்காமல் தரும் மூல ஃபைல்) வடிவத்தில் வையுங்கள்.

வளவில் எடுக்க வேண்டிய வரிசை என்று நான் நினைப்பது இது. முதலில் நடுவில் நின்று நேர் மேலே, கம்பி வலையும் வானமும். அடுத்து நான்கு மூலைகள். கூரைத் தண்ணீர் வந்து சேர்ந்து குழாயில் இறங்குவது அங்கேதான், துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். அப்புறம் மரத் தூணும் இரும்பும் சந்திக்கும் இடங்கள். மாடிக்குப் போக விட்டால், மேலிருந்து கீழே பார்த்து ஒன்று.

முத்திரைகளும் இணைப்புகளும்

பல அடுக்கு பெயிண்டுக்கு அடியில் இருக்கும் எழுத்தை நேராக விளக்குப் போட்டுப் படிக்க முடியாது. டார்ச்சை உத்திரத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் ஓரத்தில் நிழல் விழுந்து தானாக எழும்பி வரும். கேமரா அசையாமல் இருக்க, டார்ச்சை மட்டும் இடது, வலது, மேல், கீழ் என்று மாற்றி நான்கு படம் எடுத்தால் ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் தெரியும். சாக்பீஸ் தேய்ப்பது, சுரண்டுவது, ஈரத்துணியால் துடைப்பது எதுவும் வேண்டாம். அது உங்கள் வீடு இல்லை.

ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று தூரம்: அது எங்கே இருக்கிறது என்று காட்டும் அகலப் படம், முழு இணைப்பும் தெரியும் படம், ஸ்கேல் வைத்த குளோசப். ஸ்கேல் வைக்காத இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், கண்காட்சிக்கு அதுதான் போகும். மேக்ரோவில் எஃப் 11 வைத்தும் ஆழம் போதவில்லையென்றால் ஃபோகஸை நகர்த்தி நகர்த்திச் சில படங்கள் எடுத்துச் சேர்க்கலாம்.

ரைஸ் மில், பட்டறை

பழைய புழுங்கலரிசி மில்லுக்கு உயரமான புகைபோக்கி, உமி எரியும் பாய்லர், நெல் ஊறும் தொட்டி, அவித்த நெல் காயும் களம் என்று தனி அமைப்பு உண்டு. மில் ஓட்டம் நின்றிருந்தாலும் இந்த வரிசையில் எடுத்தால் நெல் எந்த வழியாகப் போனது என்று படம் பார்ப்பவருக்குப் புரியும். புகைபோக்கியை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும் மில்லில் பெல்ட்டும் ஷாஃப்ட்டும் தான் விருந்து. ட்ரைபாடில் 1/15 நொடி வைத்தால் பெல்ட் பட்டுப்போல் ஓடும், இரும்புச் சக்கரத்தின் தாங்கிகள் அசையாமல் நிற்கும். எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-க்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த வேகங்கள் அதோடு ஒத்துப்போகும். வேட்டி, துப்பட்டா, தொங்கும் கேமரா வார், இதில் எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. உமித் தூசி பறக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

உயிரோடு இருக்கும் இரும்பு வேலை பார்க்க வேண்டுமானால் மானாமதுரைப் பக்கம் திருப்பாச்சேத்திக்குப் போங்கள். அரிவாளுக்குப் பேர் போன ஊர், செட்டிநாட்டிலிருந்து ஒரு நாளில் போய் வந்துவிடலாம். உலையிலிருந்து எடுத்த இரும்பின் நிறம் வெப்பத்தைச் சொல்லும்: மங்கிய சிவப்பு ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ், ஆரஞ்சு 900, மஞ்சள் 1,100. இந்த நிறம் படத்தில் வர வேண்டுமானால் ஒளியளவைப் பழுத்த இரும்புக்கு வைத்து, இரண்டு ஸ்டாப் வரை குறையுங்கள். பட்டறை இருட்டாக வரட்டும், அது பரவாயில்லை. ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. நிறமும் போய்விடும், சம்மட்டி ஓங்கியவரின் கண்ணும் கூசும்.

ரயில் பக்கம்

கானாடுகாத்தானை ஒட்டிச் செட்டிநாடு என்ற பெயரிலேயே சின்ன ரயில் நிலையம் இருக்கிறது, அவசரமில்லாத இடம். ட்ரைபாட் விரிப்பதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லுங்கள். தண்டவாளத்தில் இறங்கி எடுப்பது ரயில்வே சட்டப்படி குற்றம், எத்தனை நல்ல படமாக இருந்தாலும் பிளாட்பாரத்திலிருந்தே எடுங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ராமநாதபுரம் வழியாகப் பாம்பனுக்குப் போகலாம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது, 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதிய பாலம் திறந்தது. கடல் காற்று பழைய இரும்பை என்ன செய்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ட்ரோன் பற்றிக் கேட்பார்கள். விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் நான் சொல்வது: வளவு என்பது வீட்டுப் பெண்கள் துணி காயப்போடும் இடமும்தான். மேலிருந்து பறந்து எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை.

வீட்டுக்கு வந்தபின்

முதலில் நேர்க்கோடுகளைச் சரிசெய்யுங்கள், பிறகு நிறம். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சிவப்பு, ஆரஞ்சு அளவுகளைத் தனியாக நகர்த்துங்கள். கூட்டினால் துரு வெளுத்து இரும்பின் அமைப்பு தெரியும், குறைத்தால் துரு கறுத்துப் பழுது தெரியும். எதைக் காட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

படத்தின் ஃபைல் விவரத்தில் ஊர், முகப்பா வளவா இரண்டாம் கட்டா (வளவுக்குப் பின்னால் வரும் பகுதி), எந்தத் திசை பார்த்தது, எடுத்த தேதி, வார்ப்பா தேனிரும்பா உருக்கா, முத்திரையில் படிக்க முடிந்த எழுத்து என்று அன்று ராத்திரியே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரியும். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. நாளைக்கு ஆய்வாளர் யாராவது தேடி வந்தால் விவரம் இல்லாத ஆயிரம் படங்களைவிட விவரம் எழுதிய பத்துப் படங்கள் அவருக்குப் போதும்.

வெளியில் போடும் பிரதியில் ஜிபிஎஸ் விவரத்தை அழித்துவிடுங்கள், கேட்டின் விலாச எழுத்தையும் குடும்பம் சம்மதித்தால் மட்டும் காட்டுங்கள். ஆளில்லாத வீட்டில் என்ன இருக்கிறது, எந்த ஜன்னலில் கம்பி தளர்ந்திருக்கிறது என்று திருடனுக்கு வழிகாட்டும் படமும் இதே படம்தான். முழு விவரத்தோடு ஒரு பென் டிரைவை அந்த வீட்டுக்காரருக்குக் கொடுங்கள். கம்பி மாற்ற ஆசாரி வரும் நாளில் பழையது எப்படி இருந்தது என்று எடுத்துக் காட்ட அவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.